பாய் விரிக்கும் முன்

பிரமிடு பார்க்க வருகிறாயா என்று மகள் கேட்டபோது முட்டிவலியைக் காரணம் சொல்லித் தப்பித்தேன். மறுநாள் வேறு மாதிரி கேட்டாள். “1400 வருஷத்துக்கு முந்தின குச்சிக்கிழங்குக் காடு இருக்கும்மா, பாக்க வர்றியா?” அதற்கு முட்டி ஒன்றும் சொல்லவில்லை.

எனக்குச் சேலம் மாவட்டம், ஆத்தூர் பக்கம். மரவள்ளியைக் குச்சிக்கிழங்கு என்போம், மேட்டு நிலத்தைக் காடு என்போம். வேளாண்மைத் துறையில் உதவி அலுவலராக 31 வருஷம் வரப்பு மிதித்து ஓய்வு பெற்றவள் நான். தலைவாசலிலும் கெங்கவல்லியிலும் ஏறி இறங்கிய கிழங்குக் காடுகளுக்குக் கணக்கில்லை. இந்தக் கிழங்கு நம்முடையதில்லை, கடல் கடந்து வந்தது என்று விவசாயிகளுக்கு நடத்திய பயிற்சி வகுப்புகளில் நூறு தடவையாவது சொல்லியிருப்பேன். போர்த்துக்கீசியர் கொண்டுவந்தார்கள், 1880-களில் திருவிதாங்கூர் விசாகம் திருநாள் மகாராஜா ஊரெங்கும் பரப்பினார் என்று ஒப்பிப்பேன். அதற்கும் முன்னால் இதை யார் நட்டார்கள், எப்படி நட்டார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் எனக்கும் தெரிந்திருக்காது.

மகள் ஹூஸ்டனில் மருத்துவமனை வேலையில் இருக்கிறாள். பாதி நோயாளிகள் ஸ்பானிஷ்காரர்கள், அதனால் அந்த மொழி அவளுக்குப் பழகிவிட்டது. அங்கிருந்து மூன்று மணி நேரம் பறந்தால் எல் சால்வடோர். மத்திய அமெரிக்காவிலேயே பரப்பில் சின்ன நாடு அது. தமிழ்நாட்டை ஆறாகப் பங்கு போட்டால் ஒரு பங்குதான் வரும். ஆனால் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு எரிமலை நிற்கிறது. தலைநகர் சான் சால்வடோரிலிருந்து மேற்கே ஒரு மணி நேரத்துக்குள் சபோத்தித்தான் பள்ளத்தாக்கு. இரண்டு பக்கமும் கரும்பும் சோளமும். அங்கே சோளம் என்றால் மக்காச்சோளம்தான். ஹோயா தே செரேன் என்ற பலகை வந்ததும் வண்டி திரும்பியது. அது பிற்காலத்துப் பெயர். அங்கே இருந்த ஜனங்கள் தங்கள் ஊரை என்னவென்று கூப்பிட்டார்களோ, அது அவர்களோடு போய்விட்டது.

1492-ல் கொலம்பஸ் வந்து சேர்வதற்கு முந்தைய அமெரிக்கா என்றாலே நமக்குப் பிரமிடும், நரபலியும், இறகுக் கிரீடம் வைத்த ராஜாவும்தான் மனசில் வருகிறது. பள்ளிப் பாடமும் சினிமாவும் அப்படிப் பழக்கிவிட்டன. ஆனால் அந்த ராஜாவுக்குச் சோறு போட்டவன் ஒருத்தன் இருந்திருப்பான் இல்லையா? அவன் வீடு மண் வீடு, கூரை வீடு. வெப்ப மண்டல மழையில் பத்து இருபது வருஷத்தில் கரைந்து மண்ணோடு மண்ணாகிவிடும். கல்லில் கட்டிய கோயில் நிற்கும், அதைக் கட்டியவன் குடிசை நிற்காது. அதனால் தொல்லியல்காரர்கள் நெடுங்காலம் ராஜாக்களைப் பற்றியே எழுதினார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பிரயோசனமில்லை, அவர்கள் கைக்குக் கிடைத்தது அதுதான்.

செரேனில் மட்டும் குடிசை நின்றுவிட்டது. காரணம் ஒரு எரிமலை. பெரிய எரிமலைகூட இல்லை.

லோமா கால்தேரா என்ற அந்த வாய் ஊருக்கு வடக்கே வெறும் 600 மீட்டரில் திறந்தது. கி.பி. ஏழாம் நூற்றாண்டு வாக்கில் என்று வைத்துக்கொள்ளலாம். பக்கத்தில் ஓடும் சூசியோ ஆற்றுத் தண்ணீர் கீழிருந்து ஏறிய கற்குழம்பைத் தொட்டதும் நீராவி வெடித்தது. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் என்ன ஆகும்? அதை ஒரு மலை அளவுக்கு நினைத்துக்கொள்ளுங்கள். முதலில் விழுந்தது நெருப்பு இல்லை, ஈரமான பொடிச் சாம்பல். மாவு பிசைந்த பதத்தில் செடி, சுவர், பானை என்று எல்லாவற்றிலும் அப்பிக்கொண்டது. அதற்கு மேல் கொதிக்கும் கற்கள் விழுந்து கூரைகள் பற்றின. மறுபடி ஈரச் சாம்பல், மறுபடி சூட்டுக் கல். இப்படி 14 அடுக்கு. எல்லாம் முடிந்தபோது ஊருக்கு மேல் ஐந்து மீட்டர் அளவுக்குச் சாம்பல் நின்றது. தென்னையை விடுங்கள், வாழைத் தோப்பே தெரியாமல் மூடிப்போகும் உயரம்.

முதல் அடுக்கு ஈரமாகவும் அதிகச் சூடில்லாமலும் விழுந்ததில்தான் விஷயமே இருக்கிறது. செடிகள் கருகாமல் நின்றபடியே மூடப்பட்டன. பிறகு உள்ளே செடி மக்கிப்போனது, இறுகிய சாம்பலில் அதன் வடிவத்தில் பொந்து மட்டும் மிஞ்சியது. தோண்டுகிறவர்கள் பொந்து தட்டுப்பட்டதும் நிறுத்தி, பல் வைத்தியர்கள் அச்செடுக்கும் மாவைக் கரைத்து ஊற்றி, இறுகியதும் சாம்பலைத் தட்டி எடுத்தார்கள். உள்ளே மக்காச்சோளத் தட்டை வந்தது, கதிரோடு. கற்றாழை வந்தது, முள்ளோடு.

இதெல்லாம் வெளியே வந்ததே ஒரு புல்டோசர் புண்ணியம். 1976-ல் தானியக் கிடங்கு கட்ட நிலம் மட்டம் செய்தார்கள். பிளேடு ஒரு வீட்டை வெட்டிக்கொண்டு போனபோது ஓட்டுநர் கவனித்துவிட்டார். பார்க்க வந்தவர்களுக்கு அது பழசாகத் தெரியவில்லை. கூரைப் புல் அப்படியே இருக்கிறதே, எவனோ நேற்று கட்டியது என்று நினைத்தார்கள். வேலை தொடர்ந்தது, வேறு சில வீடுகளும் போயின. இரண்டு வருஷம் கழித்து 1978-ல் கொலராடோ பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் பேசன் ஷீட்ஸ் மாணவர்களோடு அந்தப் பள்ளத்தாக்கில் அலைந்தபோது ஊர்க்காரர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். அவரும் முதலில் நம்பவில்லை. கூரைப் புல்லை ரேடியோகார்பன் சோதனைக்கு அனுப்பி முடிவு வந்த பிறகுதான் வீட்டின் வயசு தெரிந்தது. அதற்குள் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டுவிட்டது. 1980-லிருந்து 1992 வரை நடந்த போர். இடையில் நின்ற தோண்டல் 1989-ல்தான் மறுபடி சூடு பிடித்தது. 1993-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

“அமெரிக்காவின் பொம்பெயி” என்று சுற்றுலாப் புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேர் பிடிக்கவில்லை. பொம்பெயி பணக்கார ரோமானிய நகரம். செரேன் இருநூறு பேர் இருந்திருக்கக்கூடிய விவசாயக் கிராமம். இரண்டுக்கும் சாம்பல் ஒன்றுதான் பொது.

உள்ளே ஒரு சின்ன அருங்காட்சியகம், பிறகு மரங்களுக்கு நடுவே நடைபாதை, அதன் முடிவில் தகரக் கூரை போட்ட பெரிய கொட்டகைகள். கொட்டகைக்குள் கிணறு வெட்டியதுபோல் பள்ளம். அதன் அடியில் வீடுகள். நாம் மேலே கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று குனிந்து பார்க்க வேண்டும். பள்ளத்தின் சுவரில் சாம்பல் அடுக்குகள் வரி வரியாகத் தெரிந்தன, கருப்பு, சாம்பல், பழுப்பு, மறுபடி கருப்பு. எங்கள்கூட வந்த வழிகாட்டி பக்கத்துக் கிராமத்துக்காரர், ஐம்பது வயசு இருக்கும். கொஞ்ச நேரம் மனப்பாடமாக ஒப்பித்தார். நான் விவசாய ஆபீஸில் வேலை பார்த்தவள் என்று மகள் சொன்னதும் ஒப்பிப்பதை நிறுத்திவிட்டுப் பேச ஆரம்பித்தார்.

ஒரு குடும்பத்துக்கு ஒரு வீடு இல்லை, மூன்று கட்டிடம். படுக்க ஒன்று, சாமான் வைக்க ஒன்று, சமைக்க ஒன்று. மண்ணைக் குழைத்து மேடை எழுப்பி, நாலு மூலையிலும் மண் தூண் வைத்து, நடுவே குச்சி நட்டு நெய்து அதன் மேல் மண் பூசிய சுவர். நம் பக்கத்தில் தட்டிச் சுவர் வைத்து மண் பூசுவோமே, அதே வேலை. அங்கே பாஹரேகே என்கிறார்கள். பூமி ஆடினால் உள்ளிருக்கும் குச்சி வளைந்து கொடுக்கும். ஸ்பானியர் வந்து கட்டப் பழக்கிய கனமான பச்சைச் செங்கல் சுவர் கொடுக்காது. 2001 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் வந்த பூகம்பங்களில் அந்த மாதிரி வீடுகள் ஆயிரக்கணக்கில் சரிந்தன. வழிகாட்டியின் பெரியம்மா வீடும் அதில் ஒன்று. இதைச் சொல்லும்போது பள்ளத்தில் நிற்கும் 1400 வருஷத்துச் சுவரை அவர் ஒரு மாதிரி பார்த்தார்.

கூரை சுவரைத் தாண்டி வெகுதூரம் இறங்கியிருக்கிறது. சுவருக்குள் இருந்த நிழலைவிட வெளியே தாழ்வாரத்து நிழல்தான் அதிகம். வேலை, பேச்சு எல்லாம் அங்கேதான் நடந்திருக்கிறது. திண்ணை வைத்த வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

சமையல் கட்டில் மூன்று கல் வைத்த அடுப்பு. அதைப் பார்த்ததும் எனக்கு என் அம்மாயி ஞாபகம் வந்துவிட்டது, அது தனிக் கதை. மக்காச்சோளம் அரைக்கிற கல், நம் அம்மி மாதிரியே நீளமாக, நடுவில் தேய்ந்து குழிந்திருக்கும். அதில் ஒன்றைக் கவைக் குச்சிகள் நட்டு அதன் மேல் தூக்கி வைத்திருந்திருக்கிறார்கள். தரையில் உட்கார்ந்து முட்டியை மடக்கி அரைக்க வேண்டாம். 1400 வருஷத்துக்கு முன்னால் ஒரு பொம்பளை தன் முட்டிக்கு வழி செய்துகொண்டிருக்கிறாள். அந்த ஒரு கல்லுக்காகவே டிக்கெட் காசு தகும் என்று மகளிடம் சொன்னேன்.

அப்சிடியன் என்ற எரிமலைக் கண்ணாடிதான் அவர்களுக்குக் கத்தி. குவாத்தமாலாப் பக்கம் இஸ்தெபெகே மலையிலிருந்து வரும். சவர பிளேடைவிடக் கூர்மை. அந்தக் கத்திகள் கிடைத்த இடம் கூரைப் புல்லுக்குள். சின்னக் குழந்தைகள் கைக்கு எட்டாமல் செருகி வைத்திருக்கிறார்கள். எங்கள் வீட்டில் அரிவாளைச் செருகி வைப்பதும் கூரைச் சந்தில்தான்.

ஒரு குடும்பத்துச் சாமான்களை எண்ணியதில் மண்பாண்டங்கள் மட்டும் எழுபதுக்கு மேல். சமையல் பானை, தண்ணீர்ப் பானை, விதைப் பானை, அதோடு கோபான் என்ற மாயா நகரத்துப் பாணியில் வண்ணம் தீட்டிய நல்ல கிண்ணங்கள். சாயம் பூசிய சுரைக்குடுக்கைகளும் உண்டு. நம்மில் பலர் “பாவம், ஏழைக் குடியானவர்கள்” என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போகிறோம். வெளியே வரும்போது அந்தப் பாவம் நிற்காது. ஐந்து கிலோமீட்டர் தூரத்தில் சான் ஆந்த்ரேஸ் என்ற ஊரில் பிரமிடும் பிரபுக்களும் இருந்தார்கள். ஆனால் செரேன்காரர்கள் எதை நடுவது, எதை எந்தச் சந்தையில் விற்பது என்பதைத் தாங்களே தீர்மானித்திருக்கிறார்கள் என்பது ஷீட்ஸ் முடிவு. ஒரு வீட்டில் சுரைக்குடுக்கைக்கு வண்ணம் பூசினார்கள். இன்னொரு வீட்டுத் தோட்டத்தில் எழுபது கற்றாழைச் செடி, நாம் ரயில் கற்றாழை என்போமே அந்த ஜாதி. நார் எடுத்துக் கயிறு திரித்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு அவ்வளவு கயிறு வேண்டாம், ஊருக்குத்தான்.

இனி அந்தச் சாயங்காலம்.

எரிமலை வெடித்தது எந்த மாசம், எத்தனை மணிக்கு என்று சொல்கிறார்கள். ஜோசியம் இல்லை, கழித்தல் கணக்கு. மக்காச்சோளம் முற்றியிருந்தது. கொய்யா எந்தப் பருவத்தில் நின்றதோ, மற்ற செடிகள் எந்த வளர்ச்சியில் நின்றனவோ, எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் ஆகஸ்டு. ஆண்டைச் சொல்லத் தயங்குகிறவர்கள் மாசத்தை அடித்துச் சொல்கிறார்கள். பயிரைப் படித்து மாசம் சொல்வது எனக்கு ஆச்சரியமில்லை, எங்கள் ஊரில் எந்தக் கிழவரும் செய்வார். நேரத்தைக் கண்டுபிடித்த விதம்தான் அழகு. காட்டு வேலைக் கருவிகள் வீட்டுக்குத் திரும்பியிருந்தன. ஆக, வேலை முடிந்து வந்தாயிற்று. சாப்பாடு பரிமாறியாயிற்று. கிண்ணங்கள் கழுவப்படவில்லை. பாய் மட்டும் இன்னும் சுருட்டியபடி மேலே செருகியிருந்தது. சாப்பிட்ட பிறகு, பாய் விரிக்கும் முன். சாயங்காலம் ஆறு, ஏழு மணி.

அந்தக் கிண்ணங்களில் விரல் தடம் இருந்திருக்கிறது. கூழ் போன்ற ஏதோ ஒன்றைச் சாப்பிட்டு, ஒட்டியதை விரலால் வழித்த தடம். காய்ந்த சோற்றுப் பசையில் விரல் இழுத்த கோடு எப்படி இருக்கும் என்று பாத்திரம் தேய்த்த எல்லாருக்கும் தெரியும். வழித்து நக்கியவன் வயசு என்ன, ஆணா பெண்ணா என்பது தடத்தில் இல்லை. “கிண்ணத்த வழிக்காத, கழுவுறவளுக்குக் கொஞ்சம் விடு” என்று எங்கள் வீட்டில் ஒரு பேச்சு உண்டு. அந்தக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது அதுதான் காதில் கேட்டது.

சாமான் கட்டில் ஒரு வாத்து. கால் கயிற்றால் கட்டப்பட்டிருந்ததால் ஓட முடியவில்லை. கூரைப் புல்லுக்குள் எலிகள். மிளகாய்ச் சரம் கூரையில் தொங்கியது. பானை நிறைய பீன்ஸ். கொக்கோ விதை, பருத்தி விதை, பூசணி விதை. மனிதர்கள் மட்டும் இல்லை. தோண்டிய அளவில் அந்த ஊரில் எரிமலைக்குப் பலியான ஒரு மனித எலும்புகூடக் கிடைக்கவில்லை. முதலில் பூமி அதிர்ந்திருக்கிறது, பிறகு நீராவி பீறிடும் ஊளைச் சத்தம். போட்டது போட்டபடி ஓடியிருக்கிறார்கள்.

எந்த வழியாக என்பதும் ஓரளவு தெரிகிறது. 2011-ல் ஊருக்குத் தெற்கே போகும் ஒரு சாலையைக் கண்டுபிடித்தார்கள். இரண்டு மீட்டர் அகலம், இரண்டு பக்கமும் வாய்க்கால். சக்பே, வெள்ளைச் சாலை, என்பது மாயா மொழிப் பெயர். மற்ற இடங்களில் கல் பரப்பி விளிம்பு கட்டியிருப்பார்கள். இங்கே கல்லே இல்லை, வெறும் வெள்ளைச் சாம்பலை அடித்து இறுக்கியது. அந்த வெள்ளைச் சாம்பலும் இன்னொரு எரிமலை தந்ததுதான். இலோபாங்கோ சில தலைமுறைக்கு முன்னால் வெடித்து, அந்தப் பள்ளத்தாக்கையே காலி செய்திருந்தது. அந்தச் சாம்பல் மண்ணாகிப் பயிர் பிடித்த பிறகு குடியேறி, மிஞ்சிய சாம்பலைச் சாலைக்குப் போட்டு, அதன் மேல் நடந்தவர்கள் இவர்கள். சாலை ஓரத்தில் காலடிகள் பதிந்திருந்தன. பலவும் தெற்கே பார்த்தவை. எரிமலை வடக்கே.

ஊருக்குப் பொதுவான கட்டிடங்களையும் பார்த்தோம். கனமான சுவர் வைத்த ஒன்று, உள்ளே நுழைந்ததும் இரண்டு பக்கமும் மண் பெஞ்சு, அதில் ஒரு பெரிய பானை. ஊர்ப் பெரியவர்கள் உட்கார்ந்து பேசி, வந்தவர்களுக்குக் குடிக்கக் கொடுத்த இடமாம். நம் பாஷையில் சாவடி. கொஞ்சம் தள்ளிக் குறி சொல்கிறவள் வீடு. சன்னல்களில் குச்சிப் பின்னல், உள்ளே இருப்பவள் முகம் வெளியே தெரியாது. அங்கே இருந்த நூல் நூற்கும் தக்களிக் கல்லையும் அரைக்கிற கல்லையும் வைத்துத்தான் அது பெண் என்கிறார்கள். திருவிழாக் கட்டிடத்தில் மான் மண்டையோட்டில் செய்த தலை அணி, சிவப்புச் சாயத்தோடு கிடைத்தது.

தெமஸ்கால் என்ற வேர்வைக் குளியல் அறை எல்லாரும் படம் எடுக்கும் இடம். மண்ணாலேயே குவிந்த கூரை, நடுவில் தீ மூட்டும் அடுப்பு, சுற்றி உட்காரத் திட்டு. பத்துப் பன்னிரண்டு பேர் நெருக்கி உட்காரலாம். கல்லைச் சூடாக்கித் தண்ணீர் தெளித்து ஆவி பிடிப்பார்கள். மண் கூரை மழையில் கரையாமலிருக்க அதற்கு மேலே இன்னொரு புல் கூரை. அசலுக்குள் விடமாட்டார்கள், அதே மாதிரி புதிதாக ஒன்று கட்டி வைத்திருக்கிறார்கள். தவழ்ந்துதான் நுழைய வேண்டும். நான் நுழைந்தேன். வெளியே வரும்போது முட்டி மடங்கிக்கொண்டது, மகளும் வழிகாட்டியும் ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். அதற்கு மேல் அந்தக் குளியலைப் பற்றி எழுத எனக்கு ஒன்றுமில்லை.

மக்காச்சோள வயல் அப்படி இல்லை, அதன் முன்னால் எவ்வளவு நேரமும் நின்றிருப்பேன். பார் பிடித்து நட்டிருக்கிறார்கள். சரிவுக்குக் குறுக்காகப் பார் ஓடுகிறது, மழைத் தண்ணீர் ஓடாமல் நின்று இறங்க. சரிவுக்குக் குறுக்கே உழு, குறுக்கே பார் போடு என்று நான் எத்தனை பேரிடம் கெஞ்சியிருப்பேன்! தட்டைகள் பாதி உயரத்தில் கீழ்நோக்கி மடிக்கப்பட்டிருந்தன. எரிமலை மடித்ததோ என்று நினைத்தேன். வழிகாட்டி சிரித்தார். கதிர் முற்றியதும் தட்டையை ஒடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்களாம். கதிருக்குள் மழைத் தண்ணீர் இறங்காது, பறவை கொத்துவதும் குறையும், செடியிலேயே காய்ந்து நிற்கும். வேண்டும்போது ஒடித்துக்கொள்ளலாம். “எங்க வீட்டுல இன்னைக்கும் இதேதான் செய்யறோம்னு சொல்றாரும்மா” என்றாள் மகள்.

“குச்சிக்கிழங்குக் காடு எங்கன்னு கேளு கண்ணு.”

கேட்டாள். அவர் தெற்கே கை காட்டினார். அங்கே மரங்களும் வேலியும்தான் இருந்தன. சோதனைக் குழி வெட்டிப் பார்த்து, அளந்து, வார்ப்பு எடுத்துக்கொண்டு, குழிகளைத் திரும்ப மூடிவிட்டார்களாம். திறந்து வைத்தால் மழை தின்றுவிடும். நியாயம்தான். அதற்காகவே மூன்று மணி நேரம் பறந்து வந்தவளுக்கு அந்த நியாயம் இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஒரு மர நிழலில் உட்காரவைத்து அவர் அந்தக் கதையைச் சொன்னார். 2007-ல் ஊரிலிருந்து 200 மீட்டர் தெற்கே தோண்டியபோது பெரிய பெரிய மேட்டுப்பாத்திகள் தட்டுப்பட்டன. பொந்துகளில் மாவு ஊற்றியதும் வந்தது மரவள்ளிக் கிழங்கு. அமெரிக்கக் கண்டத்தில் பழங்கால மரவள்ளி வயல் ஒன்று கண்ணில் பட்டது அதுதான் முதல் தடவை. மாயா நகரங்களில் அவ்வளவு ஜனம் எதைத் தின்று பிழைத்தது, மக்காச்சோளம் மட்டும் போதுமா என்று ஆராய்ச்சியாளர்கள் நெடுநாள் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். மரவள்ளியாக இருக்கலாம் என்று சந்தேகம் இருந்தது, சாட்சி இல்லை. எப்படி இருக்கும்? குச்சி நட்டு வளர்க்கிற பயிர், தானியம்போல விதையைச் சேர்த்து வைப்பதில்லை, கிழங்கு மண்ணில் அழுகிப்போகும். செரேன் சாம்பல் இல்லையென்றால் சாட்சி கிடைத்திருக்காது.

பாத்திகள் மக்காச்சோளப் பாருக்கு நேர்மாறாகச் சரிவோடு ஓடுகின்றன. காரணம் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. கிழங்குக் காட்டில் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், வடிய வேண்டும். ஒரே சரிவில் ஒரு பயிருக்குத் தண்ணீரை நிறுத்தி, பக்கத்துப் பயிருக்கு வடித்திருக்கிறார்கள்.

இன்னொன்று. அந்த வயலில் கிழங்கு அதிகம் மிச்சமில்லை. எரிமலைக்குச் சற்று முன்னால்தான் அறுவடை ஆகியிருக்கிறது. பாத்திகளின் அளவை வைத்துச் சுமார் 10 டன் பிடுங்கியிருப்பார்கள் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பத்து டன்! பிடுங்கிய கிழங்கு மூன்றாம் நாள் உள்ளே கருக்க ஆரம்பிக்கும். அதனால்தான் எங்கள் ஊரில் வெட்டின கையோடு லாரியில் ஏற்றி ஜவ்வரிசி மில்லுக்கு விரட்டுவார்கள். இருநூறு பேர் உள்ள ஊர் பத்து டன்னை அவித்துத் தின்ன முடியாது. சீவிக் காயவைத்து மாவாக்கியிருக்கலாம், ஊறவைத்துக் கள் மாதிரி புளிக்கவும் வைத்திருக்கலாம் என்கிறார்கள். எனக்கு மாவு என்றுதான் படுகிறது. ஆகஸ்டு மழைக்காலம் ஆச்சே, எங்கே காயவைப்பார்கள் என்று மகள் மடக்கினாள். பிறகு கள் பக்கமே சாய்ந்துவிட்டேன்.

அறுவடை முடிந்த பாத்தியில் மறு நடவுக்குக் கரணையும் போட்டுவிட்டார்கள். அன்று காலையிலோ முந்தின நாளோ நட்ட குச்சிகள். அவற்றைப் படுக்கவைத்து நட்டிருக்கிறார்கள் என்றார் வழிகாட்டி.

“படுக்கவைச்சா?” என்றேன். சேலத்தில் நாங்கள் ஒரு ஜாண் கரணையை, கணு மேலே பார்க்க, செங்குத்தாக ஊன்றுவோம். தலைகீழாக ஊன்றாதே என்று முதல் வகுப்பிலேயே சொல்லித்தருவோம். கீழே கிடந்த ஒரு குச்சியை எடுத்து மண்ணில் குத்தி நிறுத்திக் காட்டினேன்.

அவர் தலையை ஆட்டிவிட்டு அந்தக் குச்சியைப் பிடுங்கினார். குதிகாலால் மண்ணில் ஒரு கோடு கிழித்து, குச்சியை அதில் கிடத்தி, இரண்டு கையாலும் மண்ணை இழுத்து மூடினார். அவர் அப்பா இப்படித்தான் நடுவாராம். கிழங்கு ஆழமாகப் போகாது, பிடுங்கச் சுலபம்.

“மொளைக்கிறதுக்கு நாளாகும், காத்தடிச்சா சாயும்னு சொல்லு” என்றேன்.

மகள் சொன்னாள். அவர் என்னவோ நீளமாகப் பதில் சொன்னார்.

“என்னங்கிறாரு?”

“எத்தன வருஷமா நடறீங்கன்னு கேக்கறாரும்மா.”

நான் மண்ணைக் கிளறி அந்தக் குச்சியை வெளியே எடுத்து, தூசி தட்டி, மறுபடியும் நேராக ஊன்றினேன். அவர் சிரித்துக்கொண்டே அடுத்த குச்சியைத் தேடப் போனார்.